மிஸ்டர் மாங்கோவின் குரல்

அத்தியாயம் 17

போன வாரம் மயூரன் ஹூஸ்டனில் விமான டிக்கெட் எடுத்ததோடு விட்டிருந்தோம். பதினொரு வருடமாக அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாத மனிதன். தங்கை துவாரகா போனில் சொன்ன ஒரே விஷயத்துக்காகத்தான் அசைந்தான். வியாழக்கிழமை காலை அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் மயூரனிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம். என்னவென்று துவாரகாவிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இது செவ்வாய்க்கிழமை. நாளை காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே போய்விட்டால் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டர், கையெழுத்து என்று பொழுது ஓடிவிடும். அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேச இந்த ஒரு நாள்தான்.

இந்த அப்பா அரியரட்ணத்தை இன்றுதான் முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கணக்காளர் படிப்புக்கு லண்டன் போய், அதை முடிக்காமல் நடிகராகிவிட்டவர். முப்பத்தோரு வருடம் வெள்ளைக்காரர்களை டி.வி.யில் சிரிக்க வைத்தார். கதாநாயகன் இல்லை, கதாநாயகனுக்கு நண்பனும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, ஒரு வரி பேசி, சிரிப்பை வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர். ஹோட்டல் வெயிட்டர், பல் டாக்டர், பாம்பாட்டி, இரண்டு தடவை மகாராஜா. ஒரு படத்தில் பிணம். அதற்கும் தலைப்பாகை கட்டிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் அவரைத் தெரிய வைத்தது மிஸ்டர் மாங்கோ என்ற வேடம். ஒரு விடுதியின் மாடி அறையில் குடியிருப்பவர். குழாய் உடைந்தாலும், அடுப்படி பற்றி எரிந்தாலும், விடுதிக்காரி அலறிக்கொண்டு ஓடி வருவாள். மிஸ்டர் மாங்கோ தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, மூக்கால் ஒரு வரி சொல்வார்: "ஸோ ஸாரி, மேடம். ஐ ஆம் ஒன்லி த லாட்ஜர்." மன்னிக்க வேணும் அம்மணி, நான் வெறும் வாடகைக்காரன். ஏழு வருடம் இதற்கு ஒரு நாடே சிரித்தது.

அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குப் பெயரே அந்த வரிதான். மயூரனுக்குப் பத்து வயதாயிருந்தபோது, நான்கு பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்கள். அன்றோடு இடது காது போனது.

அதற்காகக்கூட அவன் பேசாமல் இருக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் லண்டனில் அவன் அம்மா பத்மராணி இறந்தாள். மயான வாசலில் எல்லோரும் வந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணீரோடு அரியரட்ணத்தின் கையைப் பிடித்து, அவளுக்காக ஒரே ஒரு தரம் அந்த மாங்கோ வரியைச் சொல்லுங்களேன் என்றார். அரியரட்ணம் சொன்னார். தலையையும் ஆட்டினார். பெட்டி இன்னும் உள்ளே போயிருக்கவில்லை. மயூரன் அன்று மாலையே ஹூஸ்டனுக்கு விமானம் ஏறினான்.

யாராவது கேட்டால் அந்த மனுஷனால் மறுக்க முடியாது. அதுதான் அவருடைய தொழில். அதுதான் அவருடைய வியாதியும். தொண்டையில் புற்றுநோய் வந்ததெல்லாம் பிறகு.

*

நியூயார்க்குக்கு ரயில் தூரத்தில் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில், துவாரகாவின் வீட்டில், காலை எட்டு மணிக்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அரியரட்ணம் ஆறு மணிக்கு எழுந்து, தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு சமையலறையில் வந்து உட்கார்ந்திருந்தார். ரேடியேஷன் கொடுத்த கழுத்து, கருகிப்போய்த் தெரியும். மகன் கண்ணில் அது பட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

துவாரகா ஒரு மருந்து கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். இந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை. ஐம்பத்தொரு வயதாகிறது, வாசிக்கும் கண்ணாடியை நாள் முழுக்கத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள். அவள் கணவன் கஜமுகன் ஆறரை மணி ரயிலுக்கே நியூயார்க் போய்விட்டான்.

அவளுக்கு இன்று ஒரே ஒரு கவலை, அந்த முன்னூறு வாக்கியம்.

ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு வழி சொல்லியிருந்தாள். ஆபரேஷனுக்கு முன் முன்னூறு ஆங்கில வாக்கியங்களை லேப்டாப்பில் வாசித்துப் பதிவு செய்தால், அதிலிருந்து ஒரு குரலைச் செய்து தருவார்கள். பிறகு எதை டைப் செய்தாலும் அது அப்பாவின் குரலிலேயே பேசும். ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், தொண்டை தாங்காது என்றும் தெளிவாகச் சொன்னாள். அரியரட்ணம் இன்று நாளை என்று சாக்குச் சொல்லி, ஒரு வாரத்தில் அறுபத்தொன்றுதான் வாசித்திருந்தார். மிச்சம் இருநூற்று முப்பத்தொன்பது.

"தம்பி வரட்டும் பிள்ளை," என்றார். மூத்த மகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார். உள்ளே மணல் அரைபடுகிற சத்தத்தோடுதான் இப்போது அவருக்குப் பேச்சு வருகிறது. "அவனோடை கதைச்சுப்போட்டு வாசிக்கிறன்."

துவாரகா போனைக் காட்டினாள். நூவர்க் விமான நிலையத்தில் பனி. பதினொரு மணிக்கு வர வேண்டிய விமானம் நாலு மணிக்குத்தான் இறங்குமாம். மயூரன் ஹூஸ்டன் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் இப்போதே வாசித்து முடித்துவிட்டு, மத்தியானம் ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடுமே என்றாள். ராத்திரிக்கு ஒத்திவைத்தால் குரலைச் செய்து முடிக்க நேரம் போதாது என்றும் சொன்னாள்.

"இண்டைக்கு எனக்குக் கொஞ்சக் குரல்தான் இருக்கு, துவா. அவனிட்டை ஒரு விசயம் சொல்லோணும். மெஷினாலை இல்லை. என்ரை வாயாலை."

அவர் அப்படிக் கேட்டுக்கொண்டது அபூர்வம். அதோடு அவள் விட்டிருக்க வேண்டும். துவாரகாவைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஏழு மாதமாக அவரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தவள் அவள். பதினொரு வருடம் திரும்பிப் பார்க்காத அண்ணனுக்காக அப்பா குரலைப் பொத்திப் பொத்தி வைப்பதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"அப்ப எனக்கு ஒண்டும் மிச்சம் வேண்டாமே அப்பா? நாளையிண்டைக்குப் பிறகு நீங்கள் என்னைத் துவா எண்டு கூப்பிட மாட்டியள். அந்த மெஷினாவது கூப்பிடட்டும்."

கேட்டுவிட்டாள். கேட்டால் மறுக்கத் தெரியாத மனுஷன். ஓட்ஸ் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

*

பதிவு செய்கிற இடம் மாடியில் துவாரகாவின் வாக்-இன் க்ளோசெட், துணி மாட்டுகிற சின்ன அறை. தெரபிஸ்ட்தான் அதையும் சொன்னாள், துணி தொங்குகிற இடத்தில் எதிரொலி இருக்காதாம். ஒரு பக்கம் துவாரகாவின் பட்டுச் சேலைகள், இன்னொரு பக்கம் குளிர்காலக் கோட்டுகள். நடுவில் ஒரு நாற்காலி, சூட்கேஸ் மேல் லேப்டாப், ஒரு மைக். நாற்பது வருடத்துக்கு முன் வேலை செய்த ஸ்டூடியோக்களைவிட இது நல்ல இடம் என்று அவர் முதல் நாள் தெரபிஸ்டிடம் சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருந்தார்.

துவாரகா கதவைச் சாத்திவிட்டு பேஸ்மெண்டுக்குப் போனாள். பதினொரு மணியிலிருந்து அவளுக்கு ஆடிட் மீட்டிங், காதில் ஹெட்போன். மேலே என்ன சத்தம் வந்தாலும் கேட்காது.

திரையில் வாக்கியம் வரும். அவர் வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டிக். கரகரப்பு அதிகமாயிருந்தால் சிவப்பு, மறுபடி வாசி. வந்த வாக்கியங்களோ ஒன்றுக்கும் உதவாதவை. நீல மேசைமேல் கெட்டில் இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா. படகு கரைக்கு வரவில்லை. இவற்றையெல்லாம் தன் வாழ்நாளில் யாரிடம் சொல்லப் போகிறோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் வாசித்தார்.

எண்பதாவது வாக்கியத்தில் முதல் சிவப்பு விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தார். சிவப்பு. தொண்டையைச் செருமினார், இரத்தச் சுவை வந்தது. மறுபடி சிவப்பு. ஒரே வாக்கியத்தை ஒன்பது தடவை வாசித்தார்.

இப்படியே போனால் மயூரனுக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. பயந்துபோனார். எழுந்து கீழே போய், பிள்ளை, இன்றைக்கு ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. வேலையை ஒப்புக்கொண்டால் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மிஸ்டர் மாங்கோ தொண்டையால் பேசுகிறவர் இல்லையே. அது மூக்கில் வைத்துச் செய்த குரல். ஒத்திகை, பதிவு என்று பத்து மணி நேரம் பேசினாலும் தொண்டை நோகாமல் இருக்கத்தான் அவர் அப்படி ஒரு குரலையே கண்டுபிடித்தார்.

படகு கரைக்கு வரவில்லை என்று மிஸ்டர் மாங்கோவின் குரலில் வாசித்தார். பச்சை.

அடுத்தது. பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. அப்புறம் ஒரு சிவப்புகூட விழவில்லை. தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. இந்த மெஷின் என்னத்தைக் கண்டது, டிக் விழுந்தால் மகள் சந்தோஷப்படுவாள், என்னுடைய தொண்டை மகனுக்கு மிஞ்சும். அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஐயோ, எத்தனை கெட்டிக்காரத்தனம்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு முன்னூறும் முடிந்தது.

*

மயூரன் இறங்கியபோது நாலு பத்து. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினான். பனி குறைந்திருந்தது, ஆனால் லாரிகள் சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துக்கொண்டே போயின.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் அவனுக்கு நல்ல வேலை, நல்ல வீடு. அங்கே யாருக்கும் மிஸ்டர் மாங்கோவைத் தெரியாது. அமெரிக்காவுக்கு வந்ததற்கே அது ஒரு காரணம். யாரோடு பேசினாலும் வலது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டுவான். பழகியவர்களுக்கு அது அவனுடைய மரியாதை என்று நினைப்பு.

அவனுக்கு அப்பாவிடம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குக் காதில் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா அழுதாள். ராத்திரி ரெக்கார்டிங் முடிந்து வந்த அப்பா, கட்டுப் போட்ட காதைப் பார்த்தார், தலையைத் தடவினார், போய்ப் படுத்துவிட்டார். ஏன் அடித்தார்கள் என்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் மயூரனின் கேள்வி.

அடிபட்டது கூடப் பாதி மறந்துவிட்டது. முகத்தைக் கடை ஷட்டரில் அழுத்திப் பிடித்திருந்தார்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை. காதில் விழுந்தது மட்டும் மறக்கவில்லை. எல்லோரும் அந்த வரியைக் கத்தினார்கள். ஒருவன் மட்டும் அச்சு அசலாக அப்பாவைப் போலவே சொன்னான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் தலையை ஷட்டரில் மோதினார்கள். அந்த ஒருவன் யார் என்று மயூரன் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறான்.

எட்டாவது எக்ஸிட்டில் இறங்கினான்.

*

அரியரட்ணம் க்ளோசெட்டிலிருந்து வெளியே வந்ததும், மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. சரி, களைப்பு, கொஞ்ச நேரத்தில் வரும் என்று தேற்றிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். துவாரகா மீட்டிங் முடிந்து வந்து முன்னூறு பச்சை டிக்கையும் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். குரலைச் செய்து அனுப்பும்படி பட்டனை அமுக்கினாள்.

நாலே காலுக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்டாள், தலையாட்டினார். சீனி போடவா, தலையாட்டினார். அண்ணா இறங்கிவிட்டார் என்றாள், வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்ததே தவிர சத்தம் இல்லை.

துவாரகா டாக்டர் ஆபீஸுக்கு போன் செய்தாள். நர்ஸ் அமைதியாக, அது வீக்கம் என்றாள். ரேடியேஷன் பட்ட இடத்தைக் கஷ்டப்படுத்தினால் அப்படித்தான், எத்தனை வாசித்தார் என்று கேட்டாள். துவாரகா எண்ணிக்கையைச் சொன்னாள். ஒரே நாளிலா என்று நர்ஸ் திரும்பக் கேட்டாள். பிறகு, மூச்சில் விசில் சத்தம் வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொன்னாள். குரல் வியாழக்கிழமைக்குள் திரும்புமா என்று கேட்டதற்கு, இல்லை என்றாள்.

அவள் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான், நான்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பா வந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்து பத்துக்கு ஈமெயில் வந்தது. உங்கள் குரல் தயார். துவாரகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடவுளே, இதுவாவது இருக்கிறதே. கேட்டுப் பார்க்கவில்லை. முதல் வார்த்தை அண்ணாவுக்குப் போகட்டும், காலையில் செய்த தப்புக்கு இதையாவது விட்டுக்கொடுப்போம் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். இந்த வீட்டில் நல்ல எண்ணத்துக்கு என்றைக்குமே குறைவில்லை.

அரியரட்ணம் அந்தத் திரையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது, அதற்குள்ளிருந்து யார் பேசப் போகிறார் என்று. வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

*

மயூரன் சப்பாத்தையும் கோட்டையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அப்பா எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. இவ்வளவு சின்ன ஆளா என்று மயூரனுக்குத் தோன்றியது. கட்டிப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு கூட்டத்தில் சந்தித்த மாதிரி நின்றார்கள்.

அரியரட்ணம் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. மறுபடி முயன்றார்.

துவாரகா நடந்ததைச் சொன்னாள், தன் தவறு என்றும் சேர்த்தே சொன்னாள். அப்பா சாப்பாட்டு மேசையில் கிடந்த நோட்டையும் பேனாவையும் எடுத்தார். மயூரன் தடுத்தான்.

"எழுத்தெண்டால் கேட்டிக்கே போஸ்ட் பண்ணியிருக்கலாம். நான் கேக்கத்தான் வந்தனான்."

அரியரட்ணத்தின் கை அப்படியே நின்றது. மகன் கேட்டுவிட்டான். பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

துவாரகா லேப்டாப்பை அவர் முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்று, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டினாள். டைப் பண்ணுங்கோ அப்பா, உங்கடை குரல்தான் என்றாள். அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஆங்கிலத்தில் டைப் செய்தார். பட்டனை அமுக்கினார்.

மிஸ்டர் மாங்கோ பேசினார்.

அதே மூக்கு, அதே இழுவை, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் தலை ஆடுகிற அதே ஆட்டம். "மயூ, அவர்கள் உன்னை ஏன் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியும்."

துவாரகா வாயைப் பொத்திக்கொண்டாள். இனி என்றைக்கும் தன்னைத் துவா என்று கூப்பிடப் போகிற குரல் இதுதான் என்று அவளுக்கு விளங்கியது. பள்ளிக்கூடக் கழிவறையில் ஒளிந்துகொண்டு சாப்பிட்ட நாட்களெல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. மயூரன் ஓரடி பின்னால் போயிருந்தான்.

"இது என்ன ஜோக்கே?" என்றான்.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். அரியரட்ணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அத்தனை பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்து மறுபடி டைப் செய்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நிமிடம் பிடித்தது. மற்ற இருவரும் உட்காரவில்லை.

"அன்று நான் ரெக்கார்டிங் போக பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"உன்னைப் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் என்னைக் கண்டுவிட்டார்கள். அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கத்தினார்கள்."

"சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்."

"பஸ் வந்தது. நான் ஏறினேன்."

இவ்வளவையும் மிஸ்டர் மாங்கோ குஷியாகச் சொன்னார். இடையில் சிரிப்பதற்கு இடம்கூட விட்டார். அந்தக் குரலுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது.

மயூரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தைந்து வருடமாக முகம் தெரியாமலிருந்த அந்த ஒருவன் கண் கலங்க, கழுத்துப் பொத்தானோடு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அது நீங்களே," என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு வலது காதை முன்னால் நீட்டி, சின்னப் பிள்ளை கேட்பது போல மெதுவாகக் கேட்டான். "பஸ்ஸிலை ஏறினாப் பிறகு திரும்பிப் பாத்தனீங்களே அப்பா?"

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அப்பா என்று சொல்லியிருந்தான். அரியரட்ணம் தன் வாயாலேயே பதில் சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். சத்தம் இல்லை. பிறகு அவர் விரல்கள் எழுத்துகளைத் தேடத் தொடங்கின. இந்தத் தடவை வேகமாக டைப் செய்தார். விரல் அந்தப் பட்டனுக்குப் போயிற்று.

மயூரன் கையை நீட்டி லேப்டாப்பை மூடினான்.

"வேண்டாம். அந்தக் குரலிலை எனக்கு வேண்டாம்."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அரியரட்ணம் மூடிய லேப்டாப் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சில் மெல்லிதாக ஒரு விசில் கேட்பது போலத் துவாரகாவுக்குத் தோன்றியது. உற்றுக் கேட்டாள். ஹீட்டர் சத்தமாகவும் இருக்கலாம்.

அவள் அண்ணனின் கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மயூரன் காரில் ஏறியிருக்கவில்லை. சப்பாத்தைச் சரியாகப் போடாமல் பனியில் நின்றுகொண்டிருந்தான். பெட்டி இன்னும் டிக்கியில்தான் இருந்தது. அவள் கோட்டைத் தோளில் போட்டுவிட்டாள். அவன் தட்டிவிடவில்லை.

"நீ பின்னாலைதானே நிண்டனீ," என்றான். "அப்பா என்ன டைப் பண்ணினவர்?"

துவாரகா அதைப் படித்திருந்தாள். இரண்டு வரி. முதல் வரியைப் படித்ததும் இரண்டாவதைப் படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருந்தாள்.

"நான் வாசிக்கேல்லை அண்ணா. கண்ணாடி போடேல்லை."

கேரேஜ் விளக்கு அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது. மயூரன் அதைப் பார்த்தான். கையிலிருந்த கார்ச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டான், பிறகு திரும்பவும் வெளியே எடுத்தான்.